லாக் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சரி: ஃபிளிண்ட்லாக் கேள்வி பதில்

போன இதழில் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் ஃபிளிண்ட்லாக் மான் வேட்டைப் பருவத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். 1974இல் ஆரம்பித்த வழக்கம் அது. சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசித் தீப்பொறி விழ, வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் பழைய முறைத் துப்பாக்கிக்கென்றே ஒதுக்கிய பருவம். அதைப் படித்துவிட்டு அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

சார், வீடு ஹாரிஸ்பர்க் பக்கம். ஆபீஸ் நண்பர் ஒருவர் ரேஞ்சுக்கு அழைத்துப்போய் அவருடைய ஃபிளிண்ட்லாக்கைச் சுட விட்டார். அன்றிலிருந்து அதே நினைப்புதான். 600 டாலருக்கு மேல் முடியாது. எதை வாங்கலாம்?

600 டாலரில் முடியும். ஆனால் அத்தனையையும் துப்பாக்கிக்கே கொடுத்துவிடாதீர்கள். 500க்குள் துப்பாக்கியை முடித்துக்கொண்டு, மிச்சத்தை நல்ல கல், கருமருந்து, ஈயக் குண்டு, மருந்து அளக்கும் குழாய், துடைக்கும் கோல் என்று சில்லறைச் சாமான்களுக்கு வையுங்கள். இவை இல்லாமல் துப்பாக்கி மட்டும் வீட்டுக்கு வந்தால் சுவரில் மாட்டி வைக்கத்தான் ஆகும்.

இந்த விலையில் புதிதாகக் கிடைப்பவற்றில் முதலில் கண்ணில் படுவது டிரெடிஷன்ஸ் கம்பெனியின் டியர்ஹன்டர், கென்டக்கி ஆகிய இரண்டும். கம்பெனி கனெக்டிகட்டில், துப்பாக்கி வருவது ஸ்பெயினின் ஆர்தேசா தொழிற்சாலையிலிருந்து. டியர்ஹன்டர் குட்டையானது, காட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடக்கச் சுலபம். கென்டக்கி நீளமானது, பழைய லான்காஸ்டர் துப்பாக்கிகளின் சாயல் கொஞ்சம் இருக்கும், குறி வைக்கும்போது அந்த நீளம் கை ஆடாமல் உதவும். இத்தாலியின் இன்வெஸ்டார்ம்ஸ் செய்தவை, அதே ஆட்கள் லைமன் பெயரில் செய்துகொடுத்த கிரேட் பிளெய்ன்ஸ் ரைஃபிள், இவை பழையதாகக் கிடைத்தால் விடாதீர்கள். பெடர்சோலி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஒஹாயோவின் ஜிம் கிப்லர் கணினி இயந்திரத்தில் செதுக்கித் தரும் உதிரிகளை வாங்கி நீங்களே கோத்துக்கொள்ளலாம், அதற்கும் ஆயிரத்துக்கு மேல் ஆகும் என்றாலும் கையில் வேலை தெரிந்தவருக்கு அந்தக் காசுக்கு அதைவிட நல்ல லாக் கிடைப்பது கஷ்டம்.

நான் சொல்ல வந்தது இந்த லாக் விஷயம்தான். கல், சுத்தியல், எஃகுத் தகடு, கிண்ணம் எல்லாம் சேர்ந்து பொறி உண்டாக்கும் பகுதிக்குத்தான் லாக் என்று பெயர். குழல் விலை குறைந்த துப்பாக்கியிலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இன்றைய இயந்திரங்கள் நேரான குழலைச் சுலபமாகச் செய்துவிடுகின்றன. காசை மிச்சம் பிடிப்பது லாக்கில். அதனால் கடையில் கட்டையின் பாலிஷைப் பார்த்து மயங்காமல் லாக்கைப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு சுத்தியலைப் பாதி நிலைக்கு இழுத்து, விசையைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அது விழக் கூடாது. ஃபிரிஸன் என்கிற அந்த எஃகுத் தகட்டைத் திறந்து மூடினால் தடங்கல் இல்லாமல் சட்டென்று போய் உட்கார வேண்டும். பொறி விழும் மருந்துக் கிண்ணத்துக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா, கிண்ணத்துத் தீ உள்ளே போக குழலின் பக்கவாட்டில் உள்ள பற்றுத் துளை கிண்ணத்தின் மேல் விளிம்பை ஒட்டி இருக்கிறதா, அல்லது அடியில் புதைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அடியில் இருந்தால் தினமும் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

எந்தக் காலிபர்? 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 66க்கு ஒரு சுற்று என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

காலிபர் என்பது குழலின் உள் விட்டம், அங்குலத்தில் நூறில் இத்தனை பங்கு என்ற கணக்கு. 50 காலிபர் வாங்குங்கள். குண்டும் அதைச் சுற்றும் துணியும் எங்கும் கிடைக்கும், பென்சில்வேனியா மானுக்குக் கேட்கும் 44 காலிபர் வரம்புக்கும் மேலே இருக்கிறது. 

அந்தச் சுற்று, குழலுக்குள் உள்ள சுருள் பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று வருகிறது என்பது. துணி சுற்றிய உருண்டை ஈயக் குண்டுக்கு மெதுவான சுற்று போதும், 60, 66 எல்லாம் அதற்குத்தான். நீளமான குண்டுக்கு வேகமான சுற்று வேண்டும். 48 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, உருண்டைக் குண்டை அதுவும் நன்றாகவே சுடும். 0.490 அங்குலக் குண்டு, கலப்பில்லாத மெத்தென்ற ஈயமாக இருக்கட்டும். துணி நல்ல நெருக்கமான பருத்தி. மருந்து 60, 70 கிரெயினில் (மருந்து அளக்கும் சிறு அலகு) ஆரம்பித்து ஐந்து ஐந்தாகக் கூட்டி, எதில் குண்டுகள் நெருங்கி விழுகின்றனவோ அங்கே நின்றுவிடுங்கள். உங்கள் துப்பாக்கியோடு வரும் கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது. 

புதுத் துப்பாக்கி, பத்து தடவை விசையை இழுத்தால் நான்கு தடவைதான் பற்றுகிறது. திருப்பி அனுப்பிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். விலை குறைந்தவற்றில் பெட்டியோடு வருவது பெரும்பாலும் இயந்திரத்தில் அறுத்த அகேட் கல். வழவழவென்று பார்க்க அழகாக இருக்கும், பொறி குறைவாகத்தான் விழும். அதை எடுத்துவிட்டுக் கையால் உடைத்துச் செதுக்கிய உண்மையான சக்கிமுக்கிக் கல்லை மாட்டுங்கள். இங்கிலாந்தின் கறுப்புக் கல், பிரான்ஸின் தேன் நிறக் கல், எதுவானாலும் சரி, அகலம் மட்டும் ஃபிரிஸனின் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும்.

பொறி கல்லிலிருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். கல்லின் கூர் விளிம்பு எஃகைச் சீவுகிறது, சீவிய எஃகுத் துணுக்குகள்தான் காற்றில் எரிந்து பொறியாக விழுகின்றன. கல் மழுங்கினால் சீவாது. எஃகு மெத்தென்று இருந்தால் பள்ளம் விழுமே தவிரப் பொறி வராது. 

கல்லை வெறுமனே தாடைக்குள் வைக்காமல் மெல்லிய தோல் துண்டில் சுற்றி இறுக்குங்கள். சுத்தியல் பாதி நிலையில் இருக்கும்போது கல்லின் முனை ஃபிரிஸனைத் தொடாமல் நூலளவு விலகி நிற்க வேண்டும். விளிம்பு ஃபிரிஸனின் முகத்துக்கு இணையாக இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள், ஒரு மூலை மட்டும் முதலில் தொட்டால் அங்கேயே பாதிப் பொறி போய்விடும். இப்போது குழலிலும் கிண்ணத்திலும் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இருட்டான அறையில் ஒரு தடவை விசையை இழுத்துப் பாருங்கள். பொறிகள் கிண்ணத்துக்குள் கொத்தாக விழ வேண்டும். ஃபிரிஸனில் விழுந்த கீறல்களையும் கவனியுங்கள். மேல் பாதியில் தொடங்கிக் கீழே வரை அகலமாக ஓடினால் சரி. நடுவிலேயே முட்டி நின்ற மாதிரித் தெரிந்தால் கல்லைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், அடிக்கும் இடம் மாறும்.

அப்புறம் எண்ணெய். புதுத் துப்பாக்கியின் ஃபிரிஸன் மேல் தொழிற்சாலை எண்ணெய் படிந்திருக்கும். ஆல்கஹால் தொட்ட துணியால் கல்லையும் ஃபிரிஸனையும் துடையுங்கள், துடைத்த பிறகு விரலை வைக்காதீர்கள். இத்தனைக்குப் பிறகும் எஃகில் ஆழமாகப் பள்ளம் விழுகிறது, பொறி மங்கலாக இருக்கிறது என்றால் ஃபிரிஸன் சரியாகக் கடினப்படுத்தப்படவில்லை. அப்போது தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள், மாற்றிக் கொடுப்பது அவர்கள் கடமை.

பைரோடெக்ஸ் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது, கருமருந்துதான் கிடைப்பதில்லை. பைரோடெக்ஸ் போட்டால் என்ன?

ஃபிளிண்ட்லாக்கில் வேண்டாம். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ளக் கருமருந்தைவிட அதிகச் சூடு வேண்டும். கேப் (சுத்தியல் அடித்தால் வெடிக்கும் சிறு மூடி) வைக்கும் துப்பாக்கிக்கு அது பரவாயில்லை, கல்லின் பொறி அதற்குப் போதாது. பாதி நேரம் கிண்ணத்தில் மட்டும் பளிச்சென்று எரிந்துவிட்டு உள்ளே சத்தமே வராது. இந்தக் கஷ்டத்தைப் பட்டுவிட்டுத் துப்பாக்கியைத் திட்டியவர்கள் எத்தனையோ பேர். இன்றைய தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது, குழல் வெடித்து முகத்தில் பாயும்.

உண்மையான கருமருந்து கோயெக்ஸ், ஸ்விஸ், ஷூட்சன் என்ற பெயர்களில் வருகிறது. எஃப் எண் கூடக் கூட ரவை பொடியாகும். குழலுக்கு 50 காலிபர் வரை 3எஃப் ரவை, அதற்கு மேல் 2எஃப். கிண்ணத்துக்கு மாவு மாதிரியான 4எஃப், அது கிடைக்காவிட்டால் 3எஃப்பே போதும். ஆன்லைனில் வாங்கினால் ஆபத்தான சரக்குக்கான தனிக் கட்டணம் ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று வரும். அதனால் கிளப் நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வாங்குவதுதான் அங்கே வழக்கம். 

ஒரு கிளைச் செய்தி. கருமருந்தில் பெரும்பங்கு வெடியுப்பு. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் துப்பாக்கிகள் முழங்கியது பெரும்பாலும் பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாகக் கொண்டுபோன வெடியுப்பை வைத்துத்தான்.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

1968ஆம் ஆண்டின் கூட்டரசுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஃபிளிண்ட்லாக்கையும் தோட்டா போட முடியாத அதன் நகல்களையும் ‘பழம்பொருள்’ என்று தனியே வைத்திருக்கிறது. சட்டத்தின் கணக்கில் அவை துப்பாக்கி வகையில் சேராது, அதனால்தான் தபாலில்கூட வீட்டுக்கு வருகிறது. விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் 50 பவுண்டு வரை கருமருந்துக்கும் கூட்டரசு உரிமம் கேட்பதில்லை. ஆனால் மாநிலச் சட்டம் வேறு, நகரச் சட்டம் வேறு. நியூ ஜெர்சி போன்ற இடங்களில் கெடுபிடி அதிகம். விசாவில் இருப்பவர் சின்னச் சிக்கலையும் தாங்க முடியாது, எனவே பணம் கட்டும் முன் உங்கள் மாநிலக் காவல்துறையின் விதிகளைப் படியுங்கள், உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். வேட்டைக்கு என்றால் வேட்டை உரிமமும், அதற்கு முன் வேட்டைப் பயிற்சி வகுப்பும், மஸில்லோடருக்கான (வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கான) தனி உரிமமும் வேண்டும்.

திருநெல்வேலியில் இருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் மச்சானிடம் சொல்லி ஒன்று வரவழைக்கலாமா சார்?

கூடாது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் பார்சலில் வந்தால் உங்கள் மேலும் வழக்கு வரும், மச்சானும் மாட்டிக்கொள்வார்.

‘இந்தியத் தயாரிப்பு’ என்று போட்டு ஒரு பிரவுன் பெஸ் மலிவாகக் கிடைக்கிறது. நம்ம ஊர்ச் சரக்கு, வாங்கலாமா?

பிரவுன் பெஸ் என்பது பழைய பிரிட்டிஷ் படையின் மஸ்கெட், ரைஃபிள் இல்லை. குழலுக்குள் சுருள் பள்ளம் கிடையாது, 50 கெஜத்துக்கு மேல் குறி தவறும். பழைய போர்களை நடித்துக் காட்டும் குழுக்களுக்காக வருபவை இவை. பற்றுத் துளையே போடாமல் வெறும் காட்சிப் பொருளாக வந்து இறங்குபவையும் உண்டு. துளையை நீங்களே போட்டுச் சுட ஆரம்பிக்காதீர்கள். சுடத்தான் வேண்டும் என்றால் தெரிந்த துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்துக் குழலின் அடியடைப்பைச் சோதித்த பிறகுதான்.

பழைய துப்பாக்கி ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

முதல் வேலை, அதில் மருந்தும் குண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா காலத்தில் கெட்டித்து அப்படியே பரணில் போட்டது இன்றும் வெடிக்கும். கெட்டிக்கும் கோலை உள்ளே அடி வரை விட்டு, வாய் விளிம்பில் விரலை வைத்து அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பற்றுத் துளை வரை எட்ட வேண்டும். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது, கீழே வைத்துவிடுங்கள்.

அப்புறம் துணியை இறுக்கமாக விட்டு மெதுவாக இழுத்து வாருங்கள். ஓரிடத்தில் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் துரு. ஓரிடத்தில் சட்டென்று இளகினால் குழல் அங்கே உப்பியிருக்கிறது, குண்டு முழுதாக இறங்காமல் யாரோ சுட்டிருக்கிறார்கள். துரு லேசானது என்றால் பேரம் பேசலாம், உப்பிய குழல் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இண்டியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் தேசிய மஸில்லோடிங் ரைஃபிள் சங்கத்தின் திடல் இருக்கிறது, சங்கம் 1933இல் தொடங்கியது. அங்கே போட்டி நடக்கும் நாட்களில் போனால் பழைய துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம், லாக்கை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் காட்ட ஆளும் கிடைப்பார்.

சுத்தம் செய்வது பெரிய வேலையாமே? வாரக் கடைசியில் சேர்த்துச் செய்தால் ஆகாதா?

ஆகவே ஆகாது. சுட்ட அன்றைக்கே செய்ய வேண்டும், இதில் சமரசம் இல்லை. கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் புகையாகவும் கரியாகவும் திடப்பொருளாகத் தங்குகிறது. அந்தக் கசடில் உள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு எஃகைத் தின்னும். ஈரமான நாளில் ஒரே ராத்திரியில் குழல் சிவந்துவிடும்.

நல்ல செய்தி, அந்த உப்புகள் தண்ணீரில் கரையும். விலை உயர்ந்த கரைப்பான் எதுவும் வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் காயும்போதே மெல்லிய துரு பூக்கும், அதனால் வெதுவெதுப்பு. கொக்கி வைத்த குழல் என்றால் கழற்றி, அடிப்பக்கத்தை வாளித் தண்ணீரில் நிறுத்தி, துணி மாட்டிய கோலை மேலும் கீழும் இழுத்தால் பற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சித் தானே கழுவிக்கொள்ளும். முதலில் மசி மாதிரி வரும், தெளியும் வரை விடாதீர்கள். கென்டக்கி வகையில் ஊசி ஆணி அடித்த குழலை அடிக்கடி கழற்றினால் கட்டை விரிசல் விடும். அதைக் கழற்றாமல் துளையில் பல்குச்சியைச் செருகி, வாய்வழியாகத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள்.

ஒரு விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். தொழிற்சாலைத் துப்பாக்கிகள் பலவற்றில் அடியில் மருந்து உட்காரும் அறை குழலைவிடக் குறுகலானது. 50 காலிபர் பிரஷ் அங்கே போகவே போகாது. சின்னக் காலிபர் பிரஷ் ஒன்றில் துணியைச் சுற்றி அந்த அறையைத் தனியாகத் தேய்க்க வேண்டும். ‘நன்றாகத்தானே துடைத்தேன், ஏன் பற்றவில்லை’ என்று கேட்பவர்களின் துப்பாக்கியில் பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருப்பது இந்த இடம்தான்.

லாக்கை வெளியே எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, சுழலும் இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய். குழல் நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே எண்ணெய்த் துணி ஓட்டி, வாய் கீழே பார்க்க நிறுத்தி வையுங்கள், அப்போதுதான் எண்ணெய் பற்றுத் துளைக்குள் இறங்காது. மறுநாள் காலையில் வெள்ளைத் துணி ஒன்றை விட்டுப் பாருங்கள், காவி நிறம் தெரிந்தால் இன்னொரு தடவை. அடுத்த முறை கெட்டிக்கும் முன் அந்த எண்ணெயை ஆல்கஹால் துணியால் எடுத்துவிட வேண்டும். குண்டைச் சுற்றும் துணிக்குத் தடவ பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம், கருமருந்தோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டும். தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்தது, அல்லது வெறும் ஆலிவ் எண்ணெய் நன்றாக வேலை செய்யும்.

கெட்டிக்கும்போது பயமாக இருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலில் ஊற்றாதீர்கள், உள்ளே ஒரு கனல் மிச்சமிருந்தால் கொம்பே கையில் வெடிக்கும். அளவைக் குழாயில் எடுத்து ஊற்றுங்கள். குழலில் வாயை வைத்து ஊதாதீர்கள். குண்டு மருந்தின் மேல் அழுந்தி உட்கார வேண்டும், நடுவில் இடைவெளி இருந்தால் குழல் உப்பும் அல்லது பிளக்கும். கெட்டித்த நிலையில் கோல் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று கோலிலேயே ஒரு கோடு போட்டுக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் பார்த்தாலே தெரியும். மரக் கோலைக் குழல் வாய்க்குச் சற்று மேலே பிடித்துச் சிறுகச் சிறுகத் தள்ளுங்கள், உச்சியில் பிடித்து அழுத்தினால் கோல் முறிந்து உள்ளங்கையைக் குத்திவிடும். கிண்ணத்துக்குக் கடைசியில்தான் மருந்து வைக்க வேண்டும்.

பற்றாமல் போனால் குறிப்பலகையைப் பார்த்தபடியே ஒரு நிமிடமாவது அசையாமல் பிடித்திருங்கள், தாமதமாக வெடிப்பது உண்டு. பிறகு துளையைக் கம்பியால் குத்திவிட்டுக் கிண்ணத்தில் புதிதாக மருந்து வையுங்கள். மருந்து போட மறந்து குண்டை மட்டும் இறக்கிவிட்டால் துளை வழியாகச் சிட்டிகை சிட்டிகையாக 4எஃப் ஏற்றி, கோலை விட்டுக் குண்டை மறுபடி அடி வரை தள்ளிவிட்டு, பாதுகாப்பான திசையில் சுட்டு வெளியேற்றலாம்.

ஜனவரியில் பனியும் தூறலுமாக இருக்குமே, காட்டில் மருந்து நனையாதா?

நனையும். லாக்கின் மேல் மெழுகு தேய்த்த தோல் உறை ஒன்றைக் கட்டுங்கள். துப்பாக்கியைக் கிடையாகப் பிடித்து, லாக் பக்கம் அக்குளுக்குள் இருக்கும்படி நடங்கள். சூடான காருக்குள் கொண்டுபோய்த் திரும்ப வெளியே எடுத்தால் எஃகில் வியர்வை பூக்கும், அதனால் துப்பாக்கி வெளிக்குளிரிலேயே இருக்கட்டும். கிண்ணத்து மருந்து அரை மணி நேரத்தில் களியாகிவிடும். அடிக்கடி திறந்து பாருங்கள், கட்டி தட்டியிருந்தால் தட்டிவிட்டு, கிண்ணத்தையும் ஃபிரிஸனின் முகத்தையும் உலர்ந்த துணியால் துடைத்து, பற்றுத் துளையை மூடாத அளவுக்குப் புது மருந்து வையுங்கள்.